நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு கொக்கி

என் சமையல் சாமான்களை ஏற்றி ஓடிய வானை விற்றுவிட்டுத்தான் இவர் அந்தப் பழைய பிக்கப்பை வாங்கினார். இவர் என்றால் என் கணவர். கலியாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுப்பது என் தொழில். அதில் வயிறு நிறைந்ததும் பாரிஸ் லாச்சப்பலில் தமிழ்க் கடைவாசல்களில் பெரிய மனிதராக நிற்பது இவருடைய தொழில்.

"பழைய டீசல் வானை இனிப் பாரிசுக்குள்ளை விடமாட்டாங்கள். இது கொலெக்சியோன் வண்டி, பழங்காலத்து அருமைச் சாமான் எண்டு விடுவாங்கள்" என்று எனக்கு விளக்கம் வேறு தந்தார்.

பால் நிற வண்டி. பின்தட்டில் புதுப் பலகை அடித்து வார்னிஷ் பூசியிருந்தார். அதில் சோற்றுக் கிடாரங்களை ஏற்றலாம்தானே என்று கேட்டேன். பிள்ளையை அடிக்கக் கை ஓங்கியவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பருப்புக் கறி சிந்தினால் வார்னிஷ் போய்விடுமாம்.

அப்படியென்றால் டிரெய்லர் இழுக்க ஒரு கொக்கி போடுங்கள் என்றேன். சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு ஒரே நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். கொக்கி ஒருவர் கண்ணிலும் படக்கூடாது.

லெ பிளாங்-மெனிலில் உள்ள ஒரு கராஜ்காரர் செய்து கொடுத்தார். பம்பருக்குப் பின்னால், வண்டியின் அடிச்சட்டத்தோடு ஒரு சதுரக் குழாயைப் பொருத்தினார். அதை மறைத்தபடி நம்பர் பிளேட். பிளேட்டுக்குக் கீல் வைத்து, கீழே மடங்கும்படி செய்திருந்தார். மடக்கினால் குழாயின் வாய் தெரியும். கொக்கியின் இரும்புக் குண்டை அதில் செருகி ஆணி போட்டால் டிரெய்லரை மாட்டலாம். வேலை முடிந்தால் குண்டைக் கழற்றிப் பிளேட்டை மூடிவிடலாம். நல்ல வேலைதான். என் மனிதருடைய வெட்கத்தை மறைக்க இவ்வளவு இரும்பு தேவைப்பட்டதுதான் எனக்குச் சிரிப்பு.

கலியாண மண்டபத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே வண்டியை நிறுத்துவார். குண்டைக் கழற்றித் துணியில் சுற்றி இருக்கைக்குக் கீழே ஒளிப்பார். பிறகு வெறும் வண்டியோடு ராசா மாதிரி வாசலில் போய் இறங்குவார். நானும் என்னோடு சமைக்கும் இரண்டு பெண்களும் டிரெய்லரைக் கையால் தள்ளிக்கொண்டு பின்வாசலுக்குப் போவோம். யாராவது கேட்டால், சாப்பாட்டுக்காரர் பின்னால் வருகிறார்கள் என்பாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சோறு ஆறிவிடக்கூடாதே என்று பொறுத்துக்கொண்டேன்.

சார்செலில் ஒரு கலியாணத்தன்று மழை கொட்டியது. டிரெய்லர் சக்கரம் ஏற்றத்தில் வழுக்கியது. எங்களால் அசைக்கவே முடியவில்லை. தாலி கட்டியாயிற்று, சனம் பந்திக்குக் காத்திருக்கிறது. இவருக்குப் போன் அடித்தேன், வெட்டிவிட்டார். ஒரு கலியாணத்தில் சாப்பாடு பிந்தினால் லாச்சப்பல் முழுக்க என் பெயர் நாறிவிடும். ஏப்ரனோடு வாசலுக்கு ஓடினேன்.

அங்கே கூரைக்குக் கீழே மாப்பிள்ளையும் பொம்பிளையும் பிக்கப்பில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் கதவைப் பிடித்தபடி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"இறங்குங்கோ பிள்ளையள், சோறு இழுக்கோணும்" என்றேன்.

"இஞ்சாரும், சனம் பாக்குது" என்று இவர் பல்லைக் கடித்தார்.

"பாக்கட்டும். பசியோடைதான் பாக்குதுகள்."

எல்லோர் முன்னாலும் நம்பர் பிளேட்டை மடக்கினேன். இருக்கைக்குக் கீழிருந்து குண்டை எடுத்துச் செருகினேன். பொம்பிளையின் தகப்பன் குனிந்து பார்த்தார்.

"அண்ணை, வலு கெட்டித்தனமாய்ச் செய்திருக்கிறியள். தெரியவேயில்லை!"

இவர் முகம் ஒரு நொடியில் மலர்ந்தது. "ஓம், என்ரை ஐடியாதான்" என்றார்.

பிக்கப்பில் டிரெய்லரை மாட்டி இழுத்ததில் சாப்பாடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து இவருக்கு வெட்கமும் இல்லை, மண்ணும் இல்லை. கடைவாசல்களில் பிளேட்டை மடக்கி மடக்கிக் காட்டுகிறார். டிரெய்லரில் என்ன இழுக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"சும்மா, சாமான்கள்" என்றார்.

போன கிழமை கடைப்பலகை எழுதும் ஒருவரைக் கூட்டிவந்து, டிரெய்லரின் இரண்டு பக்கமும் என் பெயரையும் கலியாணச் சமையல் என்றும் எழுதச் சொன்னேன். எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்டார்.

"ஸ்டாலின்கிராட் மெட்ரோவிலை நிண்டு பாத்தாலும் தெரியோணும்" என்றேன்.

இவர் மெல்லக் கிட்ட வந்து, தேவையில்லாத நேரம் கழற்றி வைக்கிற மாதிரி ஒரு பலகையில் எழுதலாமா என்று அவரிடம் கேட்டார்.

"தம்பி," என்றேன், "இரண்டு தரம் பெயின்ற் அடியுங்கோ."