வெந்த விரலும் வீங்கிய விரலும்

விடிந்ததும் என் விரல்கள் மடங்காது. மூட்டு வாதம் என்று டாக்டர் சொல்லி வருஷக்கணக்காகிறது. மாத்திரை போக, வீட்டில் செய்ய அவர் சொன்னது இவ்வளவுதான்: விறைத்துக் கிடந்தால் சூடு, சிவந்து வீங்கினால் ஐஸ். ஐஸில் தொந்தரவில்லை. சாயங்காலம் பனியன் கம்பெனியிலிருந்து வந்து, நாலு கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடலாம். சூடுதான் வம்பு. அது காலையில் வேண்டும். காலையில் நான் சோறு வடிக்க வேண்டும், தோசை ஊற்ற வேண்டும், கம்பெனி வேன் வருவதற்குள் எல்லோருக்கும் டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும்.

"ஏனுங்க, காத்தால கொஞ்ச நேரம் அடுப்படிய நீங்க பாத்துக்குங்க. நான் கைக்கு ஒத்தடம் குடுத்துக்கறேன்" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஏம்புள்ள, ஊருல ஒனக்கு மட்டுந்தான் கை வலிக்குதா? தெய்க்கற பொம்பளைங்க அத்தன பேருக்குந்தான் வலிக்குது" என்றார், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

வீக்கத்தைக் காட்டினால், சதை போட்டிருக்கிறது என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

வேறு வழி? சமையலையும் வைத்தியத்தையும் ஒன்றாகவே செய்தேன். திருப்பூர் மண்ணரையில் பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும், கம்பெனியில் வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் துணி மூட்டையாகக் கிடக்கும். அடுப்புத் துடைக்க, வண்டி துடைக்க எல்லாம் அதுதான். ஒரு அடுப்பில் தோசை வேகும். இன்னொன்றில் பழைய தோசைக்கல்லைப் போட்டு, பனியன் துணியை அதில் காட்டி எடுத்து விரல்களில் சுற்றிக்கொள்வேன்.

அன்றைக்கும் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு துணியை உருவிக் கல்லில் போட்டேன். கருகல் வாசம் வந்தது. தோசை கருகுகிறது என்று நினைத்து அதைத் திருப்பிப் போட்டுவிட்டு, துணியை எடுத்து விரல்களில் இறுக்கினேன். பாலியஸ்டர். உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது.

திருப்பூரில் துணியைத் தொட்டதும் இது காட்டன், இது பாலியஸ்டர் என்று சின்னப் பிள்ளை கூடச் சொல்லிவிடும். நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னவள். விறைத்துப்போன விரலுக்கு அது தெரியவில்லை.

என் அலறலைக் கேட்டு அவர் ஓடிவந்தார். கையைப் பிடித்துக் குழாய்த் தண்ணீரில் காட்டினார். "ஐயோ, பாத்துச் செய்யக் கூடாதா புள்ள!" என்றார். அவர் பிடித்த பிடியில் மூட்டில் உயிர் போனது. நான் அழுதது அதற்காக. அவர் தீக்காயத்துக்கென்று நினைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து காலையில் அடுப்படி அவருடையது. தோசை கோணல்மாணலாக வந்தாலும் வந்தது. தட்டில் வைத்து எனக்கே கொண்டுவந்து கொடுத்தார். தீக்காயத்தில் படாமல், மூட்டுகளில் மட்டும் நிதானமாக ஒத்தடம் கொடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் என் கை அவ்வளவு இதமாக இருந்ததில்லை. இவரால் முடியும் என்பது தெரிந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

பொருக்கு உதிர்ந்த அன்று, என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூட்டுகள் வீங்கித்தான் இருந்தன. அவர் தோலை மட்டும் பார்த்தார்.

"நல்லா ஆறிருச்சு போ" என்று மாவுக் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இன்னும் கொஞ்ச நாள் ஆறாமல் இருந்திருக்கக் கூடாதா என்று அந்தப் புண்ணைத் திட்டிக்கொண்டே தோசை ஊற்றினேன்.