பனி என்றால் காய்ச்சல்

அந்த வருஷம் மழை தொடங்கும்போதே எங்கள் கடை கிட்டத்தட்ட படுத்துவிட்டது. திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து ரோட்டில் என் கணவர் நடத்திவந்த கடை. நோயாளிகளுக்கான கட்டில், சக்கர நாற்காலி, ஆக்ஸிஜன் மெஷின் எல்லாம் வாடகைக்குக் கொடுப்போம். முன்பெல்லாம் வார்டிலிருந்து யாராவது நடந்தே வந்து கேட்பார்கள். இப்போது கட்டிலருகே நின்றபடியே போனில் தேடுகிறார்கள். தேடினால் பெரிய கம்பெனிகளின் பெயர்கள் வரிசையாக வரும். எங்கள் பெயரைக் காண யாரும் அவ்வளவு தூரம் விரலைத் தள்ளுவதில்லை.

அவர் காலையில் கடையைத் திறந்து, யாரும் தொடாத கட்டில்களைத் துடைப்பார். மத்தியானம் மறுபடியும் துடைப்பார். வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு வந்தால் தட்டில் சாதத்தை அளைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். எனக்குப் பயமாக இருந்தது. அவர் வாயைத் திறந்து ஏதாவது சண்டை போட்டால்கூடத் தேவலை என்று தோன்றும்.

ஆபீஸ் வேலையை விட்டபின் நான் வீட்டில்தான் இருந்தேன். கடைக்கு ஒரு வெப்சைட் போட்டது நான்தான். என்னோடு வேலை பார்த்த ஒருத்தி இப்போது இந்தத் துறையில் இருக்கிறாள், அவளிடம் கேட்டேன். மற்ற வெப்சைட்டுகள் உன் பக்கத்துக்கு லிங்க் கொடுத்தால்தான் தேடும்போது நீ மேலே வருவாய் என்றாள். ஒரு கடைக்கு யாரும் சும்மா லிங்க் கொடுக்க மாட்டார்கள், ஜனங்கள் தேடி வந்து பார்த்துப் பயன்படுத்துகிற மாதிரி ஒரு பக்கம் இருந்தால் கொடுப்பார்கள் என்றாள்.

எனக்கு அது பாதிதான் புரிந்தது. நல்ல கட்டிலைத் தேர்ந்தெடுப்பது எப்படி, முதியோரைக் கவனிப்பது எப்படி என்று கட்டுரை கட்டுரையாக எழுதித் தள்ளினேன். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் மெயில் அனுப்பி, லிங்க் கொடுங்கள் என்று கெஞ்சினேன். ஒரே ஒருவர் பதில் போட்டார். வேறு எங்கும் கிடைக்காதது இதில் என்ன இருக்கிறது என்று மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். திரும்ப எல்லாவற்றையும் படித்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

அதைக் கடையில் வைத்து என் கணவரிடம் சொன்னபோது, “மதி” என்றார். போதும் என்பதற்கு எங்கள் வீட்டில் அந்த மலையாளச் சொல்தான். “மூடிடலாம். இனிமே என்னால ஆகாது.”

இன்னும் கொஞ்சம் பொறுங்கோ என்று நான் சொல்ல, எதற்காக என்று அவர் கேட்க, எங்கள் குரல் உயர்ந்துவிட்டது. வெளியே நல்ல மழை. வாசலில் ஒதுங்கி நின்றிருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். எங்கள் பேச்சு காதில் விழுந்திருக்க வேண்டும்.

“நீங்க தமிழா?” என்றாள். பிறகு, “நீருன்னா என்னம்மா?”

செங்கோட்டைப் பக்கத்திலிருந்து புருஷனைக் கொண்டுவந்து பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள். காலில் நீர் உண்டோ என்று டாக்டர் கேட்டாராம். இவள் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்திருக்கிறாள். மலையாளத்தில் நீர் என்றால் வீக்கம் என்று நான் சொன்னதும் அவள் முகம் மாறியது. அப்படியானால் பனி என்றால் என்ன என்று கேட்டாள்.

“காய்ச்சல்” என்றார் என் கணவர்.

அவள் அப்படியே ஒரு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“பனி இருந்துச்சான்னு முதல்லயே கேட்டாவ. எங்கூர்ல இப்ப ஏது பனி, இல்லன்னு சொல்லிட்டேன். அவுகளுக்கு ஒரு வாரமாக் காய்ச்சல் அடிச்சிச்சு.”

அவள் புருஷன் அப்போது ஐ.சி.யு.வில் இருந்தார். என் கணவர் குடையை எடுத்துக்கொண்டு அவளோடு போய், நர்ஸிடம் எல்லாவற்றையும் மலையாளத்தில் சொல்லி, அவளிடம் கடைக் கார்டையும் கொடுத்துவிட்டு வந்தார். குடையை மடக்கி வைத்தார். பிறகு, “மலையாளத்துல ‘சும’ன்னா இருமல். அதையும் சுமை, பாரம்னு நெனச்சுண்டிருப்பா” என்றார்.

அன்றைக்கே எழுத ஆரம்பித்தோம். கட்டில் கொண்டுபோய்ப் போடுகிற இடங்களில் நர்ஸுகள் கேட்பதையெல்லாம் வருஷக்கணக்காகக் கேட்டவர் அவர். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். சர்த்தி என்றால் வாந்தி. ஓர்மை என்றால் நினைவு. எங்கள் தெருவில் இருக்கும் ஒரு நர்ஸ் சில இடங்களைத் திருத்திக் கொடுத்தாள். மலையாளம் பேசத் தெரியாதவர்கள் போனை நீட்டிக் காட்டினாலே போதும் என்று, ஒவ்வொரு தமிழ் வாக்கியத்துக்கும் எதிரில் மலையாள எழுத்தைப் பெரிதாகப் போட்டோம்.

பக்கத்தை ஏற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. மழை விட்டது, ஓணம் வந்தது, போயிற்று. கடைக் கட்டிடத்தின் சொந்தக்காரரிடம், வாடகைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் என் கணவர். வேறு ஒருவர் வந்து கடையை அளந்து பார்த்துவிட்டும் போனார். இந்த ஒரு பக்கமாவது நன்றாக வந்திருக்கிறது என்று நம்பியதுதான் என்னை அதிகம் வதைத்தது. நல்லதைச் செய்தும் யாருக்கும் தெரியவில்லை என்றால் அப்புறம் செய்வதற்கு என்ன இருக்கிறது?

ஒருநாள் எங்கள் தெரு நர்ஸ்தான் தன் போனில் காட்டினாள். செங்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரர்கள் நடத்தும் ஒரு வெப்சைட். திருவனந்தபுரத்துக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்கள் முதலில் இதைப் படியுங்கள் என்று எழுதி, எங்கள் பக்கத்துக்கு லிங்க் கொடுத்திருந்தார்கள். மேலே ஒரு படம், மாலையோடு. அதன் கீழே எழுதியிருந்ததைப் படித்ததும், அன்று மழையில் வந்தவளின் புருஷன் என்று தெரிந்தது. அவர் இறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. குணமாகி ஊருக்குப் போயிருப்பார் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அதிலிருந்த நம்பரில் கூப்பிட்டேன். அவளே எடுத்தாள். காய்ச்சலை முன்னமே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அதுதான் நிஜம். டாக்டர்களும் அவளுக்கு அதையேதான் சொன்னார்களாம்.

“பனி ரொம்பக் கீழ கிடக்கு” என்றாள். “அத மேல போடுங்கம்மா.”

பக்கத்தை அகர வரிசையில் போட்டிருந்தேன். மாற்றினேன்.

அதன்பின் மற்றவர்களும் லிங்க் கொடுத்தார்கள். நாகர்கோவில் பக்கத்தில் ஒரு சர்ச், ஒரு நர்ஸிங் காலேஜ், தமிழர் சங்கங்கள். யாரையும் நான் கேட்கவில்லை. தேடினால் கடையின் பெயர் இப்போது கண்ணில் படுகிற இடத்தில் வருகிறது. கட்டில் கேட்டுச் சிலர் வருகிறார்கள். கடையில் பாதியை வேறொருவருக்கு விட்டுவிட்டு, மீதியில் ஓட்டுகிறோம். எத்தனை நாள் என்று தெரியாது.

அந்தப் பக்கத்தில் உங்கள் கட்டில்களின் படம் ஒன்றைப் போட்டால் என்ன என்று, லிங்க் பற்றிச் சொன்ன என் பழைய தோழி கேட்டாள். போடலாமா என்று நானும் அவரிடம் கேட்டேன். அவர் துடைத்துக்கொண்டிருந்த சக்கரத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“அங்க வேண்டாம்” என்றார்.