மலையிறங்கிய காரும் என் வாய்த்துடுக்கும்

அறுபதுக்கு மேல் போய்ப் பிரேக்கை மிதித்தால் போதும், ஸ்டியரிங் கையில் நிற்காது. இடமும் வலமுமாக உதறும். வேகம் குறையக் குறைய அடங்கிவிடும். வண்டி நின்றதும் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, செகண்ட்ஹேண்ட் கார். எனக்கு வயிறு எரிந்தது. எரிச்சலை யார் மேலாவது கொட்டியாக வேண்டும். வீட்டில் என் மனைவி இருந்தாள்.

அவள் அப்போதுதான் கார் ஓட்டக் கற்றிருந்தாள். பொழுதுபோக்குக்காக அல்ல. சத்தியவேட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரம் சோதிக்கும் வேலை கிடைத்திருந்தது. நாங்கள் இருக்கும் நகரிக்குக் கம்பெனி பஸ் வராது. பஸ் மாறி மாறிப் போனால் காலை ஷிப்டு முடிந்துவிடும். கார் ஓட்டினால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. குழந்தை பிறந்ததிலிருந்து ஆறு வருஷம் வீட்டிலேயே கிடந்தவள். வேலை உத்தரவு வந்த அன்று அவள் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். பார்த்திருந்தும் சொன்னேன்:

"எப்பப் பாத்தாலும் பிரேக்கு மேலயே கால வச்சிக்கினு ஓட்டினா வண்டி இன்னாத்துக்கு ஆவும்? ஒன் காலு பட்டதுலருந்துதான் இந்த ஆட்டம்."

மறுநாளிலிருந்து அவள் சாவியைத் தொடவில்லை. வேலையில் சேர இரண்டு வாரம்கூட இல்லை.

அவள் ஓட்டுவதை நிறுத்தியும் ஆட்டம் நிற்கவில்லை. நான் விசைத்தறி வைத்திருப்பவன். பத்துத் தறி ஓடும்போது எது மக்கர் செய்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்பவன். அதே மேதாவித்தனத்தைக் காரிலும் காட்டினேன். புத்தூர் டயர் கடையில் வீல் பேலன்சிங் செய்தேன். முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றினேன். அலைன்மென்ட் பார்த்தேன். மிதிக்காமல் ஓட்டினால் வண்டி அருமையாகப் போனது. மிதித்தால் பழைய உதறல். தறியருகே நின்றால் கார் ஞாபகம், காரில் உட்கார்ந்தால் தறி ஞாபகம். எங்குமே இருப்புக்கொள்ளவில்லை.

அவள் வேலையில் சேர வேண்டிய நாளுக்கு முந்தைய சனிக்கிழமை காலையில், திருப்பதி ரேணிகுண்டா ரோட்டில் பிரேக் வேலை மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன்.

"ஆட்டம் கையில தெரியுதா சார், சீட்டுல தெரியுதா?"

"கையில."

"அப்போ முன்னாடி டிஸ்க்குதான். பின்னாடியா இருந்தா உக்கார்ற எடத்துல தெரியும்."

ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு ஜாக்கி ஏற்றி முன் சக்கரத்தைக் கழற்றினார். முள் வைத்த சின்ன வட்டக் கருவி ஒன்றைப் பொருத்தி, அதன் நுனியை டிஸ்க் என்னும் பிரேக் தட்டின் மேல் தொட வைத்து, டிஸ்க்கைக் கையால் மெல்லச் சுற்றினார். அசையாமல் நிற்க வேண்டிய முள் போவதும் வருவதுமாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத கோணல். அங்கங்கே சூடேறிய நீலத் திட்டுகள் மட்டும் நன்றாகத் தெரிந்தன.

"கொண்ட திகினாக நீள்ளு போசாரா?" என்று தெலுங்கில் கேட்டார். பிறகு தமிழிலும் கேட்டார்: "மலை எறங்கின கையோட சக்கரத்துல தண்ணி ஊத்தினீங்களா?"

ஊற்றினேன். ஒரு மாதத்துக்கு முன், இந்தக் காரில் முதல் தடவையாகத் திருமலைக்குப் போயிருந்தோம். மலைப்பாதையை அவள் கையில் கொடுப்பேனா? நான்தான் ஓட்டினேன். இறங்கும்போது நாலாவது கியர், கால் முழுக்கப் பிரேக்கில். "கியரக் கொறச்சிக்கினு எறங்கலாமே, எனக்கு அப்டிதான சொல்லிக்குடுத்தாங்க" என்றாள். நேற்றுக் கற்றவள் எனக்குச் சொல்ல வந்துவிட்டாள் என்று சீறினேன். அடிவாரத்தில் தீய்ந்த வாடை அடித்தது. முதல் தடவை மலையேறி வந்த வண்டிக்கு, திருச்சானூர்த் தாயாரைப் பார்க்கப் போகும் முன், நாலு சக்கரத்துக்கும் மஞ்சள் தண்ணீர் ஊற்றித் திருஷ்டி கழிப்பது எங்கள் வீட்டு வழக்கம். அடிவார அலிபிரி தாண்டியதும் ஓரங்கட்டி ஊற்றினேன். முன் சக்கரங்களிலிருந்து 'சொய்ங்' என்று ஆவி கிளம்பியது. "பாத்தியா, எவ்ளோ திருஷ்டி!" என்று அவளிடம் பெருமையாக வேறு சொன்னேன்.

மெக்கானிக் சிரித்தார். "காய்ஞ்ச தோசக்கல்லு மாதிரி சார் அது, தண்ணி பட்டா கோணிக்கும். இங்க வர்றதுல பாதி இந்தக் கேசுதான்."

"புதுசா ஓட்டறவங்க அடிக்கடி பிரேக்கு போட்டாலும் இப்டி ஆவுமா?" என்று நப்பாசையோடு கேட்டேன்.

"ஊருக்குள்ள நாலு தரம் அழுத்தினா டிஸ்க்கு இன்னா ஆவும்? மலையில யாரு ஓட்டினது?"

"நான்தான்."

கடைந்து சமன்படுத்த டிஸ்க்கில் கனம் போதவில்லை. இரண்டு முன் டிஸ்க்கும் அவற்றை அழுத்திப் பிடிக்கும் பேடுகளும் புதிதாகப் போட்டார். டிஸ்க் உட்காரும் இடத்துத் துருவைச் சுரண்டினார். மறுபடி கருவியை வைத்தபோது முள் நின்ற இடத்திலேயே நின்றது. போகும் வழியில் அறுபதிலிருந்து மெதுவாகச் சில தடவை மிதித்துப் பழக்குங்கள், ஒரேயடியாக அழுத்தாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

வடமாலப்பேட்டை தாண்டி மிதித்துப் பார்த்தேன். ஸ்டியரிங் அசையவில்லை. சந்தோஷப்பட வேண்டியவன், வீட்டில் என்ன சொல்வது என்று புழுங்கிக்கொண்டே ஓட்டினேன். 'டிஸ்க் தேஞ்சிப்போச்சாம்' என்றால் போதும், யாரும் தோண்டப் போவதில்லை. புத்தூர் வரை அந்தப் பொய்யைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "இன்னா சொன்னாங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன், ஆவி கிளம்பியதையும் சேர்த்து. தப்பு என்னுடையது என்றேன். அவள் நிமிரவில்லை.

"புதங்கெழமயே போன் பண்ணி வரலன்னு சொல்ட்டேன்."

"இப்பவே ஒரு தரம் கேளேன்" என்று கெஞ்சினேன். போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கத்துக் குரல் மரியாதையாகத்தான் சொன்னது: "அந்த எடத்துக்கு வேற ஆள எடுத்துட்டோம்மா."

"சரிங்க சார்" என்று வைத்துவிட்டு, என்னிடம் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க. வேற வேல தேடிக்கறேன். ஓட்டட்டுமான்னு ஒங்களக் கேட்டுக்கினு இருக்க மாட்டேன்."

கொடுத்தேன். ஓடிப்போய் கேட்டைத் திறந்து பிடித்தேன். காரைச் சுவரில் உரசாமல் பின்னால் எடுத்து, தெருவில் திருப்பிக்கொண்டு போனாள். நீங்களும் ஏறுங்கள் என்று சொல்லவில்லை.