உச்சி வெயிலில் பால் வெட்டியவன்

என் பெயரோடு முதன்முதலாக அச்சில் வந்த கதையை நான் எழுதவில்லை. அதற்குப் பிறகு வந்தவற்றையெல்லாம் நான்தான் எழுதினேன். வித்தியாசத்தை வாசகர்கள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள்.

முப்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. சட்டைப்பையில் பேனா, தலையில் எண்ணெய், இரவல் புத்தகங்கள் படித்ததால் வந்த கனம் வேறு. அம்மா கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா கிள்ளான் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியவர். அந்தச் சலுகையில் அவள் மூன்றாம் வகுப்பு வரை படித்திருந்தாள். லயத்து வரிசை வீடுகளில் அவ்வளவு படித்த பெண் வேறு யாரும் கிடையாது. ஊருக்குக் கடிதம் எழுத வேண்டியவர்கள் அவளிடம்தான் வருவார்கள். எழுதிக்கொடுப்பாள். ஆனால் அவளுக்குப் பிடித்தது கதை எழுதுவது.

கடையில் கருவாடு பொதிந்து தந்த காகிதத்தைச் சுடுதண்ணீர்ச் செம்பால் தேய்த்துச் சுருக்கம் எடுத்து, அதில் பென்சிலால் எழுதுவாள். அம்மாவின் கதைகளில் கடல்மணம் வீசும் என்று நான் சொன்னால், படித்தவர்கள் அதை உவமை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, பால் வடியும் கோப்பையில் தண்ணீர் சேர்ந்துவிடும். அன்றைக்குக் கூலியும் இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்காமல் திரும்புகிற கூட்டம் வானத்தைத் திட்டிக்கொண்டே வரும். அம்மா மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வருவாள், சிரிப்பு வெளியே தெரியக்கூடாதே என்று. மதியத்துக்குள் ஒரு கதை முடிந்துவிடும். அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவாள். அவர் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளோடு தானும் பழுப்பேறிக்கொண்டிருந்தவர், எழுத்து தெரியாது. கேட்டு முடித்ததும், "இன்னொரு தரம் வாசி" என்பார். இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படியொரு மதிப்புரை கிடைத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குப் போயிருந்தபோது, நாலாக மடித்த காகிதங்களை என்னிடம் நீட்டினாள்.

"கோலாலம்பூர்ல தமிழ்ப் பேப்பர் வருதாமே, அதுக்கு அனுப்புறியாடா? ஒன் கையெழுத்து நல்லாருக்கும். வெள்ளத் தாள்ல எழுதி அனுப்பு."

"யார் பேரு போடட்டும்?"

"எம்பேருதான்." சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போனாள். அடுப்பு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

கதை சின்னது. கப்பலில் வந்தபோது தங்கையைப் பறிகொடுத்த ஒருத்தி, தன் நிரையில், அதாவது தனக்கு ஒதுக்கிய மர வரிசையில், உள்ள ஒரு மரத்துக்குத் தங்கையின் பெயரை வைத்து, தினமும் அதனோடு பேசிக்கொண்டே பால் வெட்டுகிறாள். கங்காணி நிரையை மாற்றிவிடுகிறார். அவள் சண்டை போடவில்லை. புதிதாக வந்தவளைக் கூட்டிக்கொண்டு போய், "இந்தப் பக்கம் பட்டையில பழைய காயம் இருக்கு, கத்திய மெல்ல வையி" என்று காட்டிவிட்டுத் திரும்புகிறாள். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்பது எனக்குப் போதவில்லை. பிரிக்பீல்ட்ஸ் அறையில் உட்கார்ந்து கதையை அழகுபடுத்தினேன். என் கையில் அந்தப் பெண் உச்சி வெயிலில் மரத்தைக் கட்டிக்கொண்டு உயிர்விட்டாள். மரம் கண்ணீராகப் பால் சொரிந்தது. பெண் பெயர் இருந்தால் பத்திரிகை ஆசிரியர் படிக்காமலே ஒதுக்கிவிடுவார் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு என் பெயரைப் போட்டேன். நியாயம் சொல்லிக்கொள்வதில் அப்போதே எனக்கு நல்ல தேர்ச்சி.

கதை வந்தது. ஆபீஸ் நண்பர்கள் தேநீர் வாங்கித் தந்தார்கள். வீட்டுக்கு நான் பிரதி அனுப்பவில்லை. ஆனால் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் பத்திரிகை வாங்குகிறவர். கோயிலடியில் எல்லாருக்கும் உரக்க வாசித்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு போனேன். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் வழிமறித்தார்கள்.

"வாங்க தம்பி! உச்சி வெயில்ல பால் வெட்டுற தோட்டம் எங்க இருக்கு? சொன்னா நாங்களும் போயிருவோம், விடிஞ்ச பெறகும் தூங்கலாம்லா!"

"சும்மா இருடி. ரயிலு புள்ள, ரப்பர் மரத்தை சன்னல் வழியாத்தான் பாத்திருக்கு."

இருட்டோடு போய் வெட்டினால்தான் பால். வெயில் ஏறினால் நின்றுவிடும். பால் வெட்டுகிறவள் பெற்ற பிள்ளைக்கு இது தெரியாதா? தெரியும். வாக்கியம் அழகாக வந்துவிட்டதால், தெரிந்ததை ஓரமாக வைத்துவிட்டேன்.

வீட்டில் அம்மா சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். பெயரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"அந்த மரம் ஏன்டா அழுவுது?" என்றாள் கடைசியில்.

"சோகம்மா அது."

"அவளே அழுவல. மரத்துக்கு என்ன வந்துச்சு?" குழம்புச் சட்டியை மூடி வைத்தாள். "கோயிலடியில எல்லாரும் சிரிச்சாங்க. நான் அப்படி எழுதலன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா ஒன்னையத் திருடன்னு சொல்வாங்களே. முழுங்கிட்டேன்."

சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தேன். திருப்பித் தரலாம் என்று கொண்டுவந்திருந்த அவளுடைய காகிதங்கள் பையில் இருந்தன. எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

"அந்தக் கதை எங்கம்மா எழுதுனது. எம்பேரைப் போட்டுக்கிட்டது நான். கெடுத்ததும் நான்தான்."

"கெடுத்தது நீங்கன்னு அப்பவே தெரியும் தம்பி" என்றாள் ஒருத்தி. இதையே பத்திரிகைக்கும் பிறகு எழுதிப் போட்டேன். அவர்கள் பதில் போடவில்லை.

அங்கேயே நின்று வாசிக்க ஆரம்பித்தேன். குடங்கள் நிரம்பி வழிந்தன. முடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"அப்படியா மரத்தை விட்டுக்குடுப்பா? நானா இருந்தா கங்காணிய உண்டு இல்லன்னு ஆக்கிருப்பேன்!"

"ஆக்குவே! போன மாசம் ஒன் நிரைய மாத்துனப்ப வாயில என்ன வச்சிருந்தே?"

"நீயே சொல்லு தம்பி, அவ ஏன் சண்ட போடல?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். இலக்கியத்தைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை அதுவாக இருக்கலாம்.

"மரம் அவ அப்பன் வீட்டு மரமா, சண்ட போட?" என்று பின்னால் ஒரு குரல். அம்மா கையில் அகப்பையோடு வந்து நின்றிருந்தாள். "காயம் இருக்குன்னு சொல்லாம வந்தாத்தான் தப்பு. நீ வாசிச்ச வாசிப்புல அது எங்க கேட்டுச்சு? ரயிலு ஸ்டேசன் பேரு வாசிக்கிற மாதிரி வாசிக்கிறான். குடுடா இங்க."

அகப்பையை என் கையில் திணித்துவிட்டுக் காகிதங்களை வாங்கிக்கொண்டாள். கதையின் தலைப்பைச் சொன்னாள். நிறுத்தினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "எழுதுனது" என்று சொல்லித் தன் பெயரைச் சொன்னாள்.

யாரும் சிரிக்கவில்லை.

"ம், வாசி அக்கா" என்றாள் சற்று முன் கங்காணியோடு சண்டை போடக் கிளம்பியவள், குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தபடி.