தேசிக்காய்த் தோல் ஊறிய போத்தல்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஓர் இரசாயன ஆசிரியை தன் மகனோடு இருந்தார். ஒல்லியானவர், விரல்நுனிகள் எப்போதும் மஞ்சளாக இருக்கும். பிழிந்த தேசிக்காய்த் தோல்களை எலுமிச்சை வாசம் ஏறும்வரை வினாகிரிப் போத்தலில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரால்தான் வீட்டைக் கழுவுவார்.

போர்க்காலத்தில் தமிழர் வீடுகளைச் சோதித்த ஒரு சுற்றிவளைப்பு நாளில், எங்கள் வீட்டில் கக்கூஸ் கழுவ வைத்திருந்த அசிட்டைக் கண்டு, குண்டு செய்யவா என்று கேட்டு என் மகனைப் பொலிஸார் கொண்டுபோனார்கள். மேலே அவருடைய போத்தலை முகர்ந்து, "அச்சாறுத, டீச்சர்?" என்று, ஊறுகாயா எனச் சிங்களத்தில் கேட்டுச் சிரித்துவிட்டு இறங்கினார்கள். அவர் மகன் வீட்டிலேயே இருந்தான்.

என் மகன் முகம் வீங்கித் திரும்பிய பிறகு கேட்டேன்.

"அசிட் வைச்சிருந்தால் பிடிப்பாங்களெண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ, டீச்சர்?"

"சீ, அதுக்கில்லை. கழுவுற தண்ணி கடலுக்கல்லோ போகுது. மீனுகள் பாவம்."

மீன்கள்! மகனைத் தவிர வேறெதையும் என்னால் நினைக்க முடியாத காலம் அது. அவர் மகன் தப்பியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மீனுக்காகக் கவலைப்படவும் அவர் மனதில் இடம் இருந்ததே, அதுதான் இன்றும் எனக்குப் பொறாமை.