சிவப்பு வத்தல் அரைத்த நாள்

மகள் கடையிலிருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்திருந்தாள். வழவழவென்று இளஞ்சிவப்பாக, ரொட்டியில் தடவித் தின்கிற காரச் சாஸாம். நக்கிப் பார்த்தேன். இனிக்கிறது! காரத்துக்குள் சர்க்கரையைக் கொட்டிய புண்ணியவான் யாரோ. "இரு, நான் அரைச்சுத் தாரேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு முண்டு மிளகாய் வத்தலை வெந்நீரில் ஊறப் போட்டேன். அந்த நெடி கிளம்பியதும் அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

உத்தரகோசமங்கைப் பக்கம் எங்கள் ஊர். மிளகாய்தான் வெள்ளாமை. ஆனால் கேளுங்கள், நல்ல வத்தல் ஒன்றுகூட எங்கள் அடுப்படிக்கு வராது. களத்தில் காய்ந்ததும் அய்யா பிரித்துவிடுவார். குண்டுகுண்டாய்ச் சிவந்ததெல்லாம் வியாபாரிக்கு, வெளுத்துப்போன சண்டு வத்தல் எங்களுக்கு. அதில் காரம் பேருக்குத்தான் இருக்கும். அக்கா கை நிறைய அள்ளி, பூண்டு, பொரிகடலை வைத்து மைபோல அரைத்து, கெட்டித் தேங்காய்ப்பால் விட்டுக் கலக்குவாள். பால்சட்னி என்போம். நான் அதைக் குடிக்கவே செய்வேன். படிப்பைத் தவிர மற்றதிலெல்லாம் கெட்டிக்காரன்.

அக்காவைப் பெண் பார்க்க முதுகுளத்தூரிலிருந்து வந்தார்கள். ஏற்கெனவே வந்த இடங்கள் தட்டிப்போயிருந்தன. இந்த மாப்பிள்ளையைக் கோயில் திருவிழாவில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். "இவுகளாவது அமையணும்டா" என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

அன்றைக்கு அய்யாவுக்கு மனசு இளகிவிட்டது. "வாரவகளுக்கு வெளுத்ததயா அரைக்கிறது? நல்லதா எடு தாயி" என்று மூட்டையை அவிழ்த்தார். அக்காவும் வழக்கம்போலக் கை நிறைய அள்ளினாள். விருந்தாளி சாப்பிடுமுன் ருசி பார்க்கும் பழக்கமும் எங்களுக்கு இல்லை. மிளகாய் விளைவிக்கிற வீட்டில் அந்த மிளகாயின் காரம் ஒருத்தருக்கும் தெரியவில்லை, பாருங்கள்!

பணியாரத்தைத் தோய்த்து வாயில் வைத்த மாப்பிள்ளையின் அம்மா, புரையேறி இருமியே மாய்ந்தார். எங்கள் அம்மா செம்பும் கையுமாக ஓடினாள். மாப்பிள்ளை மட்டும் முகமெல்லாம் வேர்த்து, மூக்கு ஒழுக, "நல்லாத்தான் இருக்கு" என்று வழித்துச் சாப்பிட்டார். பாவி மனுஷன், அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். கதவுக்குப் பின்னால் அக்கா சிரித்துவிட்டாள்.

"பொம்பளப் புள்ளைக்கிக் கையளவு தெரிய வேணாமா? எம்மவன் வயிறு என்னத்துக்காகும்?" என்று எழுந்து போனவர்தான். அப்புறம் நல்லதோ கெட்டதோ ஒரு சேதியும் இல்லை.

மிச்சச் சட்னியைச் சோற்றில் பிசைந்து அக்காவே தின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது.

"ஏன்க்கா அழுகுற?"

"காரம்டா."

பிற்பாடு சாயல்குடியில் ஒருவருக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். குடித்துவிட்டுக் கை நீட்டுகிற ஆள். நான் போகும்போதெல்லாம் அவள் கண் சிவந்திருக்கும். "இப்பத்தான் வத்தல் அரைச்சேன்" என்பாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "அம்மி காஞ்சு கெடக்கேக்கா" என்றேன்.

"காப்பி குடிக்கிறியா தம்பி?" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது அக்கா இல்லை. அய்யாவும் இல்லை. மிளகாய்க் கொல்லையில் சீமைக் கருவேலம் மண்டிக்கிடக்கிறது. சண்டு வத்தல் கேட்டால் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். பயந்து பயந்து நாலே வத்தல் போட்டு மிக்ஸியில் அரைத்து, தேங்காய்ப்பால் விட்டுக் கலக்கினேன்.

மகள் விரலால் தொட்டு நக்கினாள். "காரமே இல்லியேப்பா. ஒங்களுக்கு ஏன் கண்ணு கலங்குது?"

"காப்பி குடிக்கிறியாம்மா?" என்றேன்.