யாரும் பேசவில்லை

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சுதர்ஷினி என்னிடம் கேட்டது ஓர் அறை. கதவு உள்ள ஓர் அறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. பதுளை நகரத்தில் எங்கள் வீட்டில் அப்படி மூன்று அறைகள் இருக்கின்றன.

"அண்டைக்கு மச்சாள் ஆக்கள் வருகினம், சுதா. வீடு ஒரே சத்தமாயிருக்கும்" என்றேன்.

"பரவால்ல மிஸ். நான் வீட்டுலயே பாத்துக்குறேன்" என்றாள்.

மச்சாள் வந்தார், சாப்பிட்டார், தன் மகனின் கல்யாண வீடியோவைக் காட்டினார், போய்விட்டார். மூன்று அறைகளில் இரண்டு அன்று முழுக்கப் பூட்டித்தான் கிடந்தன.

நான் ஒரு பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். சதுரங்கக் கழகத்துக்குப் பொறுப்பாக ஒருவரும் முன்வராததால் அதை என் தலையில் கட்டினார்கள். குதிரை எப்படிப் பாயும் என்பதற்கு மேல் எனக்கு அந்த விளையாட்டில் ஒன்றும் தெரியாது. பிள்ளைகளுக்கு உண்மையில் பழக்குகிறவள் சுதர்ஷினிதான். செவ்வாயும் வியாழனும் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பஸ் ஏறி வருவாள். அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான் பிறந்தாள், இருபத்தாறு வயதிலும் அங்கேதான் இருக்கிறாள். தாய் கலாராணி கொழுந்து பறிக்கிறார். தம்பி ஜெயகுமார் பண்டாரவளையில் மரக்கறிக் கடையில் நிற்கிறான். தகப்பன் இல்லை.

இவள் சதுரங்கத்தில் பட்டம் வாங்கியவள். பதினைந்து வயதில் வெளிநாட்டுப் போட்டியொன்றில் இரண்டாவதாக வந்து 'வுமன் கேண்டிடேட் மாஸ்டர்' என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு திரும்பினாள். தோட்டத்தில் மாலை போட்டு, தப்பு அடித்து, தொழிற்சாலை வாசல் வரை கூட்டிக்கொண்டு போனார்களாம். அதற்கு அடுத்த பட்டம் வேண்டுமென்றால் நேரில் உட்கார்ந்து ஆடும் போட்டிகளில் புள்ளி ஏற வேண்டும். அந்தப் போட்டிகள் எல்லாம் கொழும்பில், ஐந்து நாள், ஆறு நாள் என்று நடக்கும். அங்கே தங்க ஒரு வீடு இல்லாத பிள்ளைக்கு அவை சந்திரனில் நடந்தாலும் ஒன்றுதான். பதினொரு வருடத்தில் நான்கே போட்டிகளுக்குப் போயிருக்கிறாள். மிச்சமெல்லாம் இணையத்தில்.

இணையத்தில் அவள் ஆடுகிற விதம் சிரிப்பூட்டும். சின்ன வயதில் அவள் அடிதடிக்காரி. குதிரையைக் கொடுப்பாள், பிஷப்பைக் கொடுப்பாள், எதிராளியின் ராஜாவை நடுத்தெருவுக்கு இழுத்து வந்து அடிப்பாள். ஆனால் அந்த லயத்தில் சிக்னல் வரும், இருபது செக்கன் போகும், மறுபடி வரும். அடிதடியின் நடுவில் இருபது செக்கன் போனால் ஆட்டமே போய்விடும். அப்படி எத்தனையோ ஆட்டங்களைத் தொலைத்த பிறகு ஆளே மாறிவிட்டாள். சிப்பாய்களை நடுவில் முட்டவிட்டுப் பூட்டிவிடுவாள். ஒரு வழியும் திறக்க விடமாட்டாள். சிக்னல் போய் வரும்வரை எதுவும் கெட்டுப்போகாத நிலையாகப் பார்த்துக் கட்டுவாள். எதிராளிக்குப் பொறுமை போய் எங்கேயாவது ஒரு சிப்பாயை அவசரமாகத் தள்ளுவார். அதற்குப் பிறகு குதிரையைக் கொண்டுவந்து அந்த ஓட்டையில் உட்கார வைப்பாள், எழுப்பவே முடியாது.

தோற்ற ஆட்டங்களை மட்டும் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம், ஒரே சொல்லில். முதல் வருடப் பக்கங்களில் 'சிக்னல்', 'சிக்னல்', 'சிக்னல்'. அடுத்த வருடம் 'அவசரம்'. பிறகு 'பயம்' என்று சில பக்கங்கள். போன வருடம் முழுவதற்கும் ஐந்து பக்கம்கூட நிரம்பவில்லை. ஆயிரத்து அறுநூறில் கிடந்த அவளுடைய இணையப் புள்ளி மூன்று வருடத்தில் இரண்டாயிரத்து நூற்றைம்பதைத் தாண்டியது.

இதையெல்லாம் எந்தச் சத்தத்துக்குள் இருந்து செய்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு காம்பரா வரிசையாக ஒட்டிக் கட்டிய லயம், ஒரு காம்பராதான் ஒரு வீடு. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்கு மேல் வெறும் இடைவெளி, அதற்கு மேல் தகரம். ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். "எப்பிடி சுதா, இந்தச் சத்தத்துக்குள்ள உமக்கு யோசினை ஓடுது?" என்று ஒருநாள் கேட்டேன். "எந்தச் சத்தம் மிஸ்?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். பகிடி விடுகிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன்.

இந்த நிலையில்தான் கொழும்பில் ஒரு தனியார் சதுரங்கக் கழகம் பெண்களுக்கு இணையப் போட்டி ஒன்று வைத்தது. முதலாவதாக வருகிறவருக்கு ஆறு மாதம் கொழும்பில் தங்குமிடம், பயிற்சி, அந்த ஆறு மாதத்தில் நடக்கும் எல்லாப் போட்டிகளுக்கும் இடம். சுதர்ஷினிக்கு வேண்டியிருந்தது அது ஒன்றேதான். வயதெல்லை இருபத்தாறு. அடுத்த வருடம் விண்ணப்பிக்கவும் முடியாது.

"இது போனா அவ்வளவுதான் மிஸ். அப்பறம் நான் சும்மா போன்ல வெளையாடுற ஒருத்திதான்" என்றாள்.

எட்டுச் சுற்றில் ஏழு முடிந்தபோது அவள் முன்னணியில். அவளுக்கு அரைப் புள்ளி பின்னால் ஒரு கொழும்புப் பிள்ளை. கடைசிச் சுற்று அந்த இருவருக்கும் நடுவில். அந்தச் சுற்றுக்கு மட்டும் புது விதி வந்தது. முன்னால் ஒரு கமரா, பக்கவாட்டில் ஒரு கமரா, மைக் திறந்திருக்க வேண்டும், அறைக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது, யாருடைய குரலும் கேட்கக் கூடாது. இதை எழுதியவர் வீட்டில் கதவுகள் நிறைய இருந்திருக்கும். இரண்டு நாள் முன்னால்தான் அறிவித்தார்கள். பாடசாலை ஞாயிற்றுக்கிழமை பூட்டு. அதனால்தான் என்னிடம் வந்து கேட்டாள். நான் என்ன சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

கலாராணி சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை காலை வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்ததும் பன்னிரண்டு வீட்டுக்கும் நடந்து, நாளைக்கு மூன்று மணி நேரம் சத்தம் வேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறார். லயமே ஒத்துழைத்தது. சிலர் கோயிலுக்குப் போனார்கள், சிலர் துணி மூட்டையோடு ஆற்றுக்குப் போனார்கள். தெமோதரையில் மகள் வீடு உள்ள ஒருவர், தன் சேவலையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். டீவி இல்லை, பாட்டு இல்லை, சண்டை இல்லை. கட்டிய நாளிலிருந்து அந்த லயம் அப்படி அடங்கிக் கிடந்ததில்லை.

போக முடியாமல் நின்றது ஒரே ஒரு வீடு. பக்கத்து வீட்டு ரெங்கம்மா. அவர் கணவர் மாடசாமிக்குப் பாரிசவாதம் வந்து இரண்டு வருடம். காலை பத்தரைக்கு அவரைத் தூக்கி உட்கார வைத்துக் கஞ்சி ஊட்ட வேண்டும். ஒவ்வொரு வாய்க்கும் சொல்லிச் சொல்லித்தான் விழுங்குவார்.

நான் அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டு போனில் ஆட்டத்தைப் பார்த்தேன். நேரலையில் ஓர் ஆள் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்ததால் எனக்கும் கொஞ்சம் பிடிபட்டது. நடு பூட்டப்பட்டுவிட்டது. கொழும்புப் பிள்ளை பொறுமை இழந்து ஒரு சிப்பாயைத் தள்ளினாள். குதிரை வந்து உட்கார்ந்தது. சமநிலை வந்தாலே போதும், இவளுக்கோ வெற்றி கையில் என்று அந்த ஆள் சொன்னார். நான் அடுப்பை மறந்ததில் ஒரு துண்டு மீன் கருகிப்போனது. நாற்பத்தோராவது நகர்த்தலில் படம் உறைந்தது. சிக்னல்தான் என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து, சுதர்ஷினி தோற்றதாகப் போட்டார்கள்.

நடந்தது இதுதான். நடுவர் குறுக்கிட்டு, "உங்களோடு யாரோ பேசுகிறார்களா?" என்று கேட்டிருக்கிறார். "இல்லை" என்றிருக்கிறாள். கமராவைச் சுற்றிக் காட்டச் சொன்னார். காட்டினாள், காம்பராவில் ஒருவரும் இல்லை. மறுபடி கேட்டார், "யாருடைய குரலும் அங்கே இல்லையா?" "இல்லை சேர், யாரும் பேசவில்லை." மூன்றாம் தடவையும் அதே பதில். அத்தோடு ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அவளுடைய இணையக் கணக்கையும் முடக்கச் சொல்லி எழுதினார்கள், அது மறுநாளே முடங்கியது.

முறைப்பாட்டுக் கடிதம் எழுத, கழகத்திடம் கேட்டு வாங்கிய ஒலிப்பதிவை எடுத்துக்கொண்டு திங்கள் பின்னேரம் நான் லயத்துக்குப் போனேன். சுதர்ஷினி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. பதிவைப் போட்டோம். அமைதி. பிறகு, சொற்கள் பிடிபடாத ஒரு குசுகுசுப்பு. அரை நிமிடம் அமைதி. மறுபடி குசுகுசுப்பு. இரண்டு தடவை அதற்கு அடுத்த கணமே அவள் காயை நகர்த்துகிற சத்தம். அந்த லயத்தைத் தெரியாத ஒருவர் கேட்டால் என்ன நினைப்பார்? நானே ஒரு நிமிடம் அவளைச் சந்தேகித்தேன். வெட்கமாயிருக்கிறது, ஆனால் சந்தேகித்தேன்.

"ஆரோ கதைக்கினம், சுதா. வடிவாக் கேட்குது. ஏன் நீர் சொல்லேல்லை?"

"எங்க மிஸ்?"

அந்த நேரம் பார்த்து, சுவருக்கு மேலே இருந்து ரெங்கம்மாவின் குரல் வந்தது. வழக்கமான குரலில், உரக்க. "இந்தா, இன்னும் ஒரு வாய். முழுங்கு. முழுங்குய்யா."

நான் நிமிர்ந்து பார்த்தேன். சுதர்ஷினி பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் அது விழவேயில்லை. இரண்டு வருடமாகத் தினமும் ஓடுகிற குரல். அவளுக்கு அது தகரத்தில் காற்று அடிப்பது மாதிரி.

பதிவை மறுபடி போட்டு, சத்தத்தைக் கூட்டி, அவள் காதோடு வைத்தேன். 'இன்னும் ஒரு வாய். முழுங்கு.' அவள் முகம் வெளிறிப்போனது.

அன்றைக்கு மட்டும் ரெங்கம்மா குரலைத் தாழ்த்தியிருக்கிறார். பிள்ளையின் ஆட்டம் கெட்டுவிடக் கூடாதே என்று. எப்போதும் போல் கத்தியிருந்தால் அடுத்த வீட்டுச் சத்தம் என்று எந்த மடையனுக்கும் விளங்கியிருக்கும். சேவலும் டீவியும் இருந்திருந்தாலும் அந்தக் குசுகுசுப்பு அதற்குள் அமுங்கிப்போயிருக்கும். லயம் முழுக்கச் சேர்ந்து காட்டிய அன்பு அவள் கழுத்தில் கயிறாக விழுந்தது. யாரைத் திட்டுவது? நான் என்னைத்தான் திட்டிக்கொண்டேன்.

நாங்கள் பேசியது அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். ரெங்கம்மா வாசலுக்கே வந்துவிட்டார், கையில் கஞ்சிக் கோப்பையோடு.

"பாப்பா, என்னமோ சத்தம் கேட்டுச்சுன்னு நிப்பாட்டிட்டாங்களாமே. எங்க வீட்டுச் சத்தமா? நான் மெதுவாத்தான பேசுனேன்?"

சுதர்ஷினி எழுந்து நின்றாள். "ஒங்க சத்தம் இல்ல சின்னம்மா. சிக்னல் கோளாறு. ஒங்க வீட்டுலருந்து எனக்கு ஒண்ணுமே கேக்கல."

"சாமி சத்தியமா?"

"சத்தியமா கேக்கல."

ரெங்கம்மா நெஞ்சில் கை வைத்து, "அப்ப சரி" என்று போய்விட்டார். கதவு மூடியதும் சுதர்ஷினி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். அழும் சத்தம் அந்தப் பக்கம் போய்விடக் கூடாது. நான் அவள் முதுகில் கை வைத்திருந்தேன், வேறென்ன செய்வது.

கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். சுவரின் உயரம், மாடசாமியின் வைத்தியச் சீட்டு, பதிவிலுள்ள ஒவ்வொரு சொல்லின் மொழிபெயர்ப்பு. மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது. பக்கத்து வீட்டுப் பேச்சுக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறார்களாம். ஆனால் குரல் எதுவும் இல்லை என்று வீராங்கனை மூன்று தடவை சொன்னது உண்மைக்குப் புறம்பானதாம். நடுவருக்குப் பொய் சொல்வது தனிக் குற்றமாம். முடிவில் மாற்றமில்லை. கொழும்புப் பிள்ளை அதற்குள் தங்குமிடத்தில் சேர்ந்துவிட்டாளாம், அதையும் எழுதியிருந்தார்கள், எதற்கென்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் வழக்கம் போல வந்து பிள்ளைகளுக்குப் பழக்கினாள். முடிந்ததும் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்து, மடித்து, திருப்பித் தந்தாள்.

"புதுக் கணக்கு ஒண்டு துவங்குவம், சுதா. இனி எங்கட வீட்டை வந்து விளையாடும். அறை இருக்கு. எப்பவும் வரலாம்" என்றேன். இந்த வார்த்தையை ஒரு மாதம் முன்னால் சொல்லியிருக்கலாம்.

"அன்னைக்கு நீங்க வந்துட்டுப் போனப்பறம் போர்ட வச்சுக்கிட்டு சும்மா ஒக்காந்தேன் மிஸ். தனியா வெளையாடலாம்னு" என்றாள். "நீங்க காதுல வச்சுக் காட்டுனதுலருந்து எல்லாமே கேக்குது. ரெங்கம்மா சின்னம்மா பேசுறது, அந்தக் கடைசி வீட்டுப் புள்ள அழுவுறது, அம்மா மூச்சு விடுறது. மூணு நகர்த்தலுக்கு மேல எனக்கு யோசிக்க முடியல மிஸ். நேத்தும் முடியல."

பிள்ளைகள் கலைத்துவிட்டுப் போன காய்களை அவள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டாள். மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள். அவள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.